ஏ.ஸி. காஸ் தீர்ந்து போகுமா?

ஏற்காட்டுக்காரிக்குக் கார் ஏ.ஸி.யைப் பற்றி என்ன தெரியும் என்று சேலத்துச் சகோதரிகள் சிரிக்கலாம். சித்திரை மாசத்தில்கூட ராத்திரிக்குப் போர்வை கேட்கிற ஊர் எங்களுடையது. ஆனாலும் சொல்கிறேன், வெயிலில் வேகும் சேலத்தைவிட எங்கள் மலையில்தான் கார் ஏ.ஸி. சரியாக வேலை செய்தாக வேண்டும். காரணத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு வார்த்தையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. "காஸ்" என்கிற வார்த்தை.

அடுப்புக்கு வருவதும் காஸ், கார் ஏ.ஸி.யில் இருப்பதும் காஸ். பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த வினை! சமையல் காஸ் எரிகிறது, அதனால் தீர்கிறது. மாசம் ஒரு சிலிண்டர் என்று நமக்குப் பழகிவிட்டது. அதே நினைப்பில்தான், ஏ.ஸி. குளிரவில்லை என்றதும் "காஸ் தீர்ந்து போச்சு, நிரப்பணும்" என்று மெக்கானிக் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் பணத்தை எடுத்துக் கொடுக்கிறோம். ஏ.ஸி. காஸ் எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. செக்கு மாடு மாதிரி ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. எஞ்சின் பக்கத்தில் இருக்கும் கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரில் அது சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் மறுபடி ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்கிறது. திரும்பக் கம்ப்ரஸருக்கே வந்து சேர்கிறது. அவ்வளவுதான்.

நம் வீட்டு ஃபிரிட்ஜும் இதே வித்தைதான். என் மாமியார் வாங்கிய ஃபிரிட்ஜ் இருபத்திரண்டு வருஷம் ஓடியது. ஒரு தடவைகூட அதற்குக் காஸ் நிரப்பியது கிடையாது. அப்படியானால் காருக்கு மட்டும் ஏன்?

இந்தக் கேள்வியை நான் கேட்டபோது ஒரு மெக்கானிக் தம்பி சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "ஃபிரிட்ஜ் மூலையில நிக்குது அக்கா. கார் எஞ்சின் ஆடுது" என்றார். ஃபிரிட்ஜில் மோட்டாரையும் கம்ப்ரஸரையும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்து மூடி, செப்புக் குழாயைப் பற்றவைத்து விடுகிறார்கள். காரில் கம்ப்ரஸர் எஞ்சினோடு சேர்ந்து குலுங்கிக்கொண்டே இருக்கும். கண்டென்ஸரோ வண்டியின் உடம்போடு இறுக்கிவைத்தது. ஆடுகிற ஒன்றையும் ஆடாத ஒன்றையும் விறைப்பான குழாயால் இணைத்தால் குழாய் சீக்கிரமே விண்டுவிடும். அதனால்தான் நடுவில் ரப்பர் ஹோஸ் போடுகிறார்கள்.

ரப்பர் என்றால் நமக்குத் தெரியாதா! குக்கர் காஸ்கெட் இரண்டு வருஷத்தில் விறைத்துப் போய் ஓரத்தில் ஆவி விடுகிறது. அடுப்பு காஸ் ட்யூபை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். கார் ஹோஸ் அதைவிட உறுதியானதுதான். உள்ளே நைலான் அடுக்கு, அதன் மேல் ரப்பர், அதன் மேல் நூல் பின்னல், மேலே மறுபடி ரப்பர். ஆனால் அது தாங்குகிற பாரத்தைப் பாருங்கள். குக்கர் வெயிட் தூக்குவது சுமார் 15 பவுண்டு அழுத்தத்தில். சின்னக் காரின் டயரில் இருப்பது 30 பவுண்டு. கம்ப்ரஸரிலிருந்து சூடாக வெளியே வருகிற ஹோஸ், வெயில் நேரத்தில் 200, 250 பவுண்டு வரை தாங்க வேண்டும். அதுவும் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, பத்துப் பதினைந்து வருஷம்! ரப்பர் விறைக்கும், வெடிக்கும். ரப்பரும் அலுமினியக் குழாயும் சேர்கிற இடத்தில், கவ்வி நசுக்கிய வளையத்துக்கு அடியில் மெல்லக் கசியும்.

நல்ல நிலையில் இருக்கிற காரிலும் வருஷத்துக்குக் கொஞ்சம் காஸ் கசியத்தான் செய்யும். நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை நிரப்பினால் அது இயற்கை. வருஷா வருஷம் நிரப்பச் சொன்னால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

மலையில் ஏ.ஸி. எதற்கு?

இப்போது எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிற பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்துகொண்டால் எதிரே வருகிற பஸ்ஸின் விளக்கு மட்டும்தான் தெரியும். வெளியே இருக்கிற மூட்டமாவது பரவாயில்லை, காருக்கு உள்ளேயே ஒரு மூட்டம் உண்டாகும். ஐந்து பேர் மூச்சு, நனைந்த குடை, ஈரப் புடவைத் தலைப்பு எல்லாம் சேர்ந்து உள்ளே ஈரம் நிறைந்துவிடும். முன் கண்ணாடி வெளியே மழையால் ஜில்லென்று இருக்கும். உள்ளே இருக்கிற ஈரம் அதில் படிந்து பால் கண்ணாடி மாதிரி வெளுத்துப் போகும். கையால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி இன்னும் மோசம்.

அந்த ஈரத்தை எடுக்கிறதுதான் ஏ.ஸி.யின் இன்னொரு வேலை. கூலிங் காயிலில் படுகிற காற்றிலிருந்து ஈரம் தண்ணீராக வடிந்து காருக்கு அடியில் சொட்டுகிறது. உள்ளே வருகிற காற்று உலர்ந்த காற்று. கூடவே ஹீட்டரையும் போட்டு, வெளிக்காற்று உள்ளே வருகிற மாதிரி வைத்து, கண்ணாடிப் பக்கம் திருப்பினால் ஒரே நிமிஷத்தில் கண்ணாடி தெளிந்துவிடும். குளிருக்கு ஹீட்டரும் வேண்டும், ஈரத்துக்கு ஏ.ஸி.யும் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். தாராளமாகப் போடலாம். (அடிவாரத்துக்கு வந்ததும் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் மூட்டம் போட்டால், ஏ.ஸி. ஜாஸ்தியாகக் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். வைப்பர் போட்டு, குளிரைக் குறைத்தால் சரியாகிவிடும்.)

எங்கள் கார் 2005-ல் வாங்கிய சின்னக் கார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மாசம், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் பெண்ணுக்கு ராத்திரி ஒன்பதரைக்கு வலி எடுத்தது. டாக்டர் குறித்த தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. மழையில் என் நாத்தனாரும் துணைக்கு ஏற, ஐந்து பேராகக் கிளம்பினோம். மேலிருந்து மூன்றாவது வளைவு வருவதற்குள் முன் கண்ணாடி முழுக்க வெளுத்துவிட்டது. அவர் ஏ.ஸி. பொத்தானை அழுத்தினார், பச்சை விளக்கு எரிந்தது, காற்றும் வந்தது. ஆனால் ஈரம் போகவில்லை. காஸ் குறைந்தால் கம்ப்ரஸரை ஓடவிடாமல் நிறுத்துகிற ஸ்விட்ச் ஒன்று காரில் இருக்கிறது. விளக்கு எரிகிறதே தவிர உள்ளே ஒன்றும் நடக்காது. ஜன்னலை இறக்கினால் சாரல் பெண் மேலே அடிக்கிறது, ஏற்றினால் வழி தெரியவில்லை. நான் துண்டால் துடைத்துக்கொண்டே வர, அவர் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். பாதி வழியில் ஒரு லாரிக்கு ஒதுங்கும்போது பள்ளத்துப் பக்கத்துச் சுவர் எவ்வளவு கிட்டத்தில் இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. விடியற்காலையில் பேரன் பிறந்தான், தாயும் பிள்ளையும் நலம்.

அதற்கு ஆறு மாசம் முன்னால்தான் ஒரு கடையில் காஸ் நிரப்பியிருந்தோம். அதற்கு முந்தின வருஷமும் அங்கேயே. இரண்டு தடவையும் "காஸ் தீர்ந்துடுச்சுங்க" என்பதோடு சரி, எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை. பதினெட்டு மாசத்தில் இரண்டு தடவை நிரப்பியதற்கு 3,600 ரூபாய்.

ஓட்டையைக் கண்டுபிடித்த கதை

பேரனுக்குப் பதினாறாம் நாள் கழிந்ததும் சேலத்தில் ஏ.ஸி. வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பட்டறையில் வண்டியை விட்டோம். முன்னே சொன்ன தம்பி இவர்தான். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்ததுமே, கம்ப்ரஸர் பக்கத்துத் தடித்த ஹோஸின் முனையில் விரலளவுக்குக் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பியிருப்பதைக் காட்டினார். கம்ப்ரஸருக்கான எண்ணெய் காஸோடு கலந்தேதான் சுற்றுகிறது. காஸ் கசிகிற இடத்தில் எண்ணெயும் கூடவே வரும், தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். இதை நாமே பார்க்கலாம். எஞ்சின் ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தாலே போதும், எதையும் திருகவோ கழற்றவோ வேண்டாம். உள்ளே இருக்கிற காஸ் வெளியே வந்தால் சுமார் மைனஸ் 26 டிகிரியில் கொதித்து ஆவியாகிற சரக்கு. தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

எண்ணெய் கசிவது இன்னொரு நஷ்டத்துக்கும் அறிகுறி. காஸ் குறைந்துபோனால் எண்ணெய் கம்ப்ரஸருக்குத் திரும்பி வராது. எண்ணெய் இல்லாமல் ஓடினால் கம்ப்ரஸர் இறுகிப்போகும். ஹோஸுக்குப் பார்த்த காசை கம்ப்ரஸருக்குப் பல மடங்காகக் கொடுக்க வேண்டி வரும்.

கண்ணால் பார்த்ததோடு அவர் விடவில்லை. குழாய்க்குள் நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் எல்லா முனைகளிலும் தடவினார். தடித்த ஹோஸின் முனையில் குமிழ் குமிழாக நுரைத்தது. மெல்லிய ஹோஸில், ஒரு இரும்புப் பட்டையில் உரசித் தேய்ந்த இடத்தில் சின்னச் சின்னதாக இன்னொரு நுரை. "ரெண்டுக்கும் ஒரே வயசு அக்கா, ஒண்ணை மாத்திட்டு ஒண்ணை விட்டா ஆறு மாசத்துல திரும்ப வருவீங்க" என்றார். எனக்கு நியாயமாகப் பட்டது.

எங்கள் வண்டிக்குக் கம்பெனி ஹோஸ் கிடைக்கவில்லை. பழைய வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் இந்தக் கஷ்டம் உண்டு. அதற்கு வழி இருக்கிறது. பழைய ஹோஸின் இரண்டு முனைகளிலும் இருக்கிற அலுமினியத் துண்டுகளை வைத்துக்கொண்டு, நடுவில் புது ஹோஸ் போட்டு, மிஷினில் வளையத்தை நசுக்கிக் கொடுக்கிறார்கள். தையற்காரரிடம் அளவு ரவிக்கை கொடுக்கிற மாதிரிதான். பழையதின் நீளம், இரண்டு முனைகளும் எந்தப் பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கின்றன என்பது எல்லாம் அப்படியே வர வேண்டும். கொஞ்சம் முறுக்கிப் போட்டால் ஹோஸ் விறைத்துக்கொண்டு நின்று மறுபடி அதே இடத்தில் கசியும். நம் தம்பி கழற்றுவதற்கு முன்னாலேயே சாக்பீஸால் கோடு போட்டு வைத்துக்கொண்டார். புது ஹோஸில் உள்ளே நைலான் அடுக்கு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இப்போதைய காஸின் மூலக்கூறு சின்னது, வெறும் ரப்பர் வழியாக மெல்லப் புகுந்து வெளியே போய்விடும். அடுப்பு ட்யூபுக்குப் போடுகிற மாதிரி திருகு கிளிப் போட்டு இறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். 200 பவுண்டை அது தாங்காது.

குழாயைக் கழற்றியதும் திறந்த வாய்களை எல்லாம் அவர் உடனே மூடியால் அடைத்தார். ஏனென்றால் அந்த எண்ணெய், மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் உள்ளே போனால் உறைந்து அடைக்கும், காஸோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கவும் செய்யும். ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே டிரையர் என்று ஒரு சின்னக் குப்பி இருக்கிறது. மாத்திரை டப்பாவுக்குள் போடுகிற பொட்டலம் மாதிரியான சரக்குதான் அதற்குள்ளும். குழாயைத் திறந்து ஹோஸ் மாற்றினால் டிரையரையும் மாற்றியாக வேண்டும். சில கடைகளில் மிச்சம் பிடிக்கிறேன் என்று இதை விட்டுவிடுகிறார்கள். முனைகளில் வருகிற ஓ-ரிங்குகளும் அப்படித்தான், சில ரூபாய்தான் விலை, பழையதைத் திரும்பப் போடக் கூடாது. அதற்குத் தடவ வேண்டியதும் அந்த ஏ.ஸி. எண்ணெய்தான், கைக்கு எட்டிய எண்ணெய் அல்ல.

அப்புறம் வாக்குவம். பம்பு வைத்து முக்கால் மணி நேரம் குழாயில் இருக்கிற காற்றை இழுத்தார்கள். இந்த இடத்தில் ஏற்காட்டுக்காரியான நான்தான் முந்திக்கொண்டு காரணம் சொன்னேன்! எங்கள் ஊர் சுமார் 5,000 அடி உயரம். காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது. அழுத்தத்தை அடியோடு எடுத்துவிட்டால் பச்சைத் தண்ணீரே கொதிக்கும். குழாயில் ஒட்டியிருக்கிற ஈரம் அப்படிக் கொதித்து ஆவியாகிப் பம்பு வழியே வெளியே போய்விடுகிறது. தம்பி சிரித்துவிட்டு இன்னொன்றையும் சொன்னார். சேலத்தில் மீட்டர் முள் 29 கிட்டே போகும், அதே பம்பை ஏற்காட்டில் வைத்தால் 25 கிட்டேயே நின்றுவிடும். பம்பு கெட்டுவிட்டது என்று மேலே இருக்கிறவர்கள் பயப்படத் தேவையில்லை. முக்கியமாகப் பார்க்க வேண்டியது, பம்பை மூடிய பிறகு அரை மணி நேரம் முள் நகராமல் நிற்கிறதா என்பதைத்தான். நகர்ந்தால் இன்னும் ஓட்டை இருக்கிறது.

காஸை அவர் தராசில் வைத்து நிறுத்துப் போட்டார். சின்னக் கார்களுக்கு அரைக் கிலோ சுமாருக்குத்தான் பிடிக்கும். சரியான அளவு பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் கிராம் கணக்கில் போட்டிருக்கும். ஜாஸ்தி போட்டாலும் குளிராது. விலை மலிவு என்று எரியக்கூடிய காஸ் கலவையைப் போட வந்தால் வேண்டவே வேண்டாம். கூலிங் காயில் நாம் உட்கார்ந்திருக்கிற பக்கத்தில் இருக்கிறது, அதில் ஒரு கசிவு வந்தால் குழந்தைகளோடு அடைத்த காருக்குள் சமையல் காஸ் கசிந்த மாதிரிதான்.

உள்ளே மிச்சமிருந்த பழைய காஸை அவர் திறந்து காற்றில் விடவில்லை, ஒரு மிஷினால் சிலிண்டருக்குள் இழுத்துக்கொண்டார். இதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. 1939-ல் அமெரிக்காவில் பாக்கார்டு கம்பெனி ஏ.ஸி. வைத்த காரைக் காட்டிய நாளிலிருந்து வெகுகாலம் கார்களில் போட்டது ஆர்-12 என்கிற காஸ். எரியாது, விஷமில்லை என்று கொண்டாடினார்கள். 1974-ல் மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள், இந்த வகைக் காஸ் மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எழுதினார்கள். 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓட்டை விழுவது தெரிந்தது. 1987-ல் மான்ட்ரீலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. இந்தியா 2008 ஆகஸ்டில் ஆர்-12 வகைக் காஸ் தயாரிப்பை நிறுத்தியது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும். ஒரு கிலோ கசிந்தால் சுமார் 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். எங்கள் காரிலிருந்து ஒரு தடவை கசிந்து போன அரைக் கிலோ, 300 லிட்டர் பெட்ரோல் எரித்த புகைக்குச் சமம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது! இதையும் குறைப்பதற்கு 2016-ல் கிகாலியில் ஒப்பந்தமாகி, 2021-ல் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது.

ஹோஸ் சீக்கிரம் விறைக்காமல் இருக்க ஒரு சுலபமான வழி, ஏ.ஸி.யை அவ்வப்போது ஓட்டுவதுதான். ஓட்டாமல் போட்டுவைத்தால் எண்ணெய் சுற்றாது, கம்ப்ரஸர் சீலும் ஓ-ரிங்கும் காய்ந்துபோகும். எங்கள் மலையில் பெரும்பாலான கார்களுக்கு இந்தக் கதிதான், "இங்கே எதுக்கு ஏ.ஸி.?" என்று மாசக்கணக்கில் பொத்தானைத் தொடுவதே இல்லை. வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் போதும். நாங்கள் வெள்ளிக்கிழமை சேர்வராயன் கோயிலுக்குப் போகும்போது போட்டுவிடுகிறோம். ஏரியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர், கணக்கு சரியாக இருக்கிறது. 5,300 அடிக்கு மேலே மலை உச்சியில் இருக்கிற கோயில், குகைக்குள் குனிந்து போய்த்தான் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட வேண்டும். மேலே போகப் போக மூட்டம் கண்ணாடியில் படியும், ஏ.ஸி. வேலை செய்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். "குளிர்ல ஏ.ஸி. போட்டுட்டு வர்றாங்க பாரு" என்று பக்கத்து வீட்டு அம்மா சிரிக்கிறார். சிரிக்கட்டுமே!

எஞ்சினைக் கெரஸின் போட்டுக் கழுவுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள், ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். ஹோஸை இரும்பில் உரசாமல் பிடித்திருக்கிற கிளிப்புகள் சர்வீஸுக்குப் பிறகும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் மெல்லிய ஹோஸ் தேய்ந்ததற்குக் காரணம் ஒரு கிளிப் காணாமல் போனதுதான்.

இரண்டு ஹோஸ், டிரையர், ஓ-ரிங், எண்ணெய், காஸ், கூலி எல்லாம் சேர்ந்து 7,400 ரூபாய் ஆனது. நாலு தடவை காஸ் மட்டும் நிரப்பினாலே 7,200 ஆகியிருக்கும். மாற்றி இரண்டு மழைக்காலம் போய்விட்டது, இன்னும் நிரப்பவில்லை. பழைய ஹோஸ் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். பில்லில் போட்ட காஸ் எத்தனை கிராம் என்று எழுதச் சொல்லி, அதை வண்டிக் காகிதங்களோடு வைத்திருக்கிறேன்.